மறைந்திருக்கும் திறமை என்று ஒன்று உண்டா?

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்: "எங்கப்பா மட்டும் அப்பவே பாட்டு கிளாஸ்ல சேர்த்துவிட்டிருந்தா என் கதையே வேற." பக்கத்தில் இருப்பவருக்குக் கிரிக்கெட். இன்னொருவருக்குக் கணக்கு. எல்லோருக்கும் உள்ளே ஏதோ ஒன்று இருந்தது, அது வெளியே வராமலே போய்விட்டது என்று ஒரு நம்பிக்கை.

மேடைப் பேச்சாளர்கள் சொல்வதோ நேர் எதிர். உழைத்தால் யாரும் எதுவும் ஆகலாம். பத்தாயிரம் மணி நேரம் போதும். திறமை என்பதெல்லாம் சோம்பேறிகளின் சாக்கு.

இந்த இரண்டு பேச்சுமே பாதிதான் சரி. ஒருவர் எதில் சிறந்திருக்கக்கூடும் என்ற கேள்வியை விளையாட்டு, இசை, மரபியல், குழந்தை வளர்ச்சி என்று பல துறையினர் பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அதில் புதிதாக வருபவருக்குத் தேவையானதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

நல்ல விதை எது?

நெல்லில் இருந்து தொடங்கினால் விஷயம் சுலபமாகப் பிடிபடும்.

மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய நெட்டை ரகங்கள் ஆளுயரத்துக்குப் போகும். வயலில் தண்ணீர் கட்டி நின்றாலும் தாக்குப்பிடிக்கும். பெரிதாக உரம் கேட்காது. ஆனால் அதே நெல்லுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகும்? இன்னும் உயரமாக வளரும், கதிர் கனக்கும், ஒரு காற்றுக்கு மொத்தமாகச் சாய்ந்துவிடும். 1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. அதற்கு உரம் போட்டால் தண்டு நீளாமல் மணியாக மாறியது. விளைச்சல் எகிறியது. வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் மகிழ்ச்சியில் தன் மகனுக்கே அந்த ரகத்தின் பெயரை வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் குட்டை நெல்லை உரமில்லாத, வெள்ளம் ஏறும் பள்ளக்காலில் போட்டால்? மூழ்கிப் போகும்.

இந்த இரண்டில் எது நல்ல விதை என்று ஒரு விவசாயியிடம் கேட்டால், "எந்த வயலுக்கு?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார்.

மரபியலில் இதற்கு எதிர்வினை வீச்சு என்று பெயர். ஒரே மரபணுத் தொகுப்பு வெவ்வேறு சூழலில் வெவ்வேறு விளைவைத் தரும்; அந்த விளைவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வீச்சு. விதைக்குள் "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்று எழுதியிருக்காது. இந்தத் தண்ணீர், இந்த உரம் என்றால் இவ்வளவு, அது மாறினால் இவ்வளவு என்பது மட்டும்தான் உண்டு.

மனிதர்களுக்கும் இதே கதைதான். ஒருவருக்குள் முழுதாக உருவான பாடகரோ கணித மேதையோ படுத்துத் தூங்குவதில்லை. சில சாய்வுகள் இருக்கின்றன: கைகால் நீளம், தசைநார் அமைப்பு, காது, பொறுமை, எதில் கவனம் நிற்கிறது என்பது. அவை சரியான நேரத்தில் சரியான சூழலைச் சந்தித்தால் திறமை என்று ஒன்று உண்டாகிறது. சந்திக்காவிட்டால் வேறு ஏதோ உண்டாகிறது, அல்லது ஒன்றும் ஆவதில்லை.

"எண்பது சதவீதம் பரம்பரை" என்றால்?

இந்த இடத்தில் பத்திரிகைச் செய்திகள் நம்மைக் குழப்பிவிடும். "அறிவு பரம்பரையாக வருவது, ஆய்வில் உறுதி" என்று தலைப்புப் போடுவார்கள். அவர்கள் சொல்லவருவது மரபுவழிப் பங்கு என்ற ஓர் எண்ணை. ஒரு மக்கள்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கூட்டத்தைப் பற்றிய எண் அது. உங்கள் உயரத்தில் இத்தனை சென்டிமீட்டர் அப்பா கொடுத்தது என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

வசதியான நாடுகளில் உயரத்தின் மரபுவழிப் பங்கு சுமார் 80 சதவீதம். அப்படியானால் சோறு தண்ணீருக்கு வேலையே இல்லையா? தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் சுமார் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. மரபணு நூறு வருடத்தில் அப்படி மாறாது. மாறியது சாப்பாடும் சுகாதாரமும்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எல்லோருக்கும் சமமாகச் சத்துணவும் படிப்பும் கொடுத்துவிட்டால் மரபுவழிப் பங்கு குறையாது, கூடும். சூழலில் வேறுபாடு இல்லாமல் போனால் மிஞ்சும் வேறுபாட்டுக்கு மரபணுதானே பொறுப்பேற்க வேண்டும்? ஆகவே பரம்பரைப் பங்கு அதிகம் என்ற செய்தியைப் பார்த்தால், "இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: உள்ளே இருப்பது சாய்வுதான், முழுத் திறமை இல்லை, அது என்னவாக மாறும் என்பது சூழலோடு சேர்ந்துதான் முடிவாகிறது, "இத்தனை சதவீதம் பரம்பரை" என்ற எண்ணை வைத்துத் தனி ஒருவரின் எல்லையைச் சொல்ல முடியாது.

முளையிலே தெரிவது என்ன?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நம்மவர்கள் சொல்லிச் சொல்லியே பல பிள்ளைகளை ஓரம்கட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். முளையில் தெரிவது எது என்பதைக் கனடாக்காரர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள்.

1980-களின் நடுவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் ஆல்பர்ட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் நகரில் குடும்பத்தோடு ஐஸ் ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி பவுலா கையில் இருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களாகவே இருந்தார்கள். பார்ன்ஸ்லி வீட்டுக்குப் போய் மற்ற அணிகளின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தார். மேல்மட்ட இளையோர் அணிகள் எல்லாவற்றிலும் அதே கதை. முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் ஏராளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் கொஞ்சம்.

ஜாதகம் பார்ப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். காரணம் மிகச் சாதாரணமானது. கனடாவில் வயதுப் பிரிவுக்கான கட்-ஆஃப் ஜனவரி 1. ஆக ஜனவரி 2-இல் பிறந்தவனும் டிசம்பர் 30-இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். எட்டு வயதில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. பெரியவன் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம். பயிற்சியாளரின் கண்ணுக்கு அது திறமையாகத் தெரிகிறது. இதற்குச் சார்பு வயது விளைவு என்று பெயர்.

அவன் பிறந்த மாதத்தால் கிடைத்த முன்னிலை பத்து வயதுக்கு மேல் கரைந்துவிடாதா என்று கேட்கலாம். உடல் வித்தியாசம் கரைந்துவிடும். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிடுகிறது. தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியாளர், வாரத்துக்கு அதிக நாள் பயிற்சி, வலுவான எதிரணி, "நீ பெரிய ஆளா வருவே" என்ற பேச்சு எல்லாம் கிடைக்கின்றன. தேர்வாகாதவன் வீட்டுக்குப் போகிறான். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் முதலாமவன் நிஜமாகவே நன்றாக ஆடுகிறான். சின்ன வித்தியாசம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிட்டது. பயிற்சியாளரோ, "அன்னைக்கே சொன்னேன் பார்த்தியா" என்கிறார்.

இது வெறும் ஊகமாக இருக்கலாமே என்ற சந்தேகத்தைக் கால்பந்து தீர்த்துவைத்தது. 1997-இல் சர்வதேச இளையோர் கால்பந்தின் கட்-ஆஃப் தேதி ஆகஸ்ட் 1-இல் இருந்து ஜனவரி 1-க்கு மாறியது. பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். தேதி மாறியதும் "திறமைசாலி" மாதங்களும் மாறிவிட்டன. முன்பு ஆகஸ்டிலும் அதை அடுத்த மாதங்களிலும் பிறந்தவர்கள் அதிகம் தேர்வானார்கள். பிறகு ஜனவரியிலும் அதை அடுத்த மாதங்களிலும் பிறந்தவர்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். காலண்டரில் கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒன்றாம் வகுப்பில் இதைத் தினமும் பார்க்கலாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பதினொரு மாதம் இருக்கும். ஒருத்தி கோட்டுக்குள் அழகாக எழுதுகிறாள். இன்னொருத்தியின் பென்சில் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. "இவ மந்தம்" என்று முத்திரை விழுகிறது. பிறந்த தேதியை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

முளையை நம்பக்கூடாது என்பதற்கு இன்னும் வலுவான சாட்சியம் உடற்பயிற்சி ஆய்வில் இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஹெரிட்டேஜ் என்ற ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத குடும்பங்களைச் சேர்த்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி 20 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு உயிர்நாடியான அளவு அது. சராசரியாக 400 மில்லிலிட்டர் போலக் கூடியது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல் கூடியது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கூடவில்லை. பயிற்சிக்கு உடல் எவ்வளவு முன்னேறுகிறது என்ற இந்தப் பயிற்சி ஏற்புத்திறன் குடும்பவாரியாக ஒத்துப்போனதால் மரபணுவுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது.

முக்கியமான சங்கதி அடுத்து வருவது. ஒருவர் தொடக்கத்தில் எந்த அளவில் இருந்தார் என்பதற்கும் பயிற்சியில் எவ்வளவு முன்னேறினார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாள் மூச்சு வாங்கியவர்களிலும் வேகமாக முன்னேறியவர்கள் இருந்தார்கள். முதல் நாள் அசத்தியவர்களிலும் அங்கேயே நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள். நாம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது முதல் நாளை வைத்துத்தானே?

மறுபடி ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். தொடக்க நிலை ஒன்று, பயிற்சி ஏற்புத்திறன் வேறொன்று. முதலாவது கண்ணுக்குத் தெரியும். அதில் பிறந்த மாதம், வீட்டு வசதி எல்லாம் கலந்திருக்கும். இரண்டாவது, பயிற்சி கொடுத்துப் பார்க்கும்வரை தெரியாது.

சில கதவுகள் சீக்கிரம் மூடும்

எல்லாத் திறமையும் எந்த வயதிலும் காத்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சிலவற்றுக்கு நேரம் உண்டு.

ட, த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு வெட்டவெளிச்சம். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு அது பெரிய சோதனை. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கைக்குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். குழந்தை அம்மா மடியில் இருக்கும். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒலி மாறும் தருணத்தில் பக்கவாட்டில் ஒரு பொம்மை விளக்கெரிந்து ஆடும். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் பழகிவிடும்: ஒலி மாறினால் பொம்மை வரும். பிறகு ஒலி மாறியதும் அதுவாகவே தலையைத் திருப்பும். திருப்பினால் வித்தியாசம் கேட்கிறது என்று அர்த்தம். இந்திச் சொற்களில் வரும் ட, த ஒலிகளை இப்படிப் போட்டபோது, ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மிகச் சிலருக்கே பிடிபட்டது.

அதாவது ஒரு வயது முடிவதற்குள் அந்தக் காது ஒரு திறனைக் கைவிட்டுவிடுகிறது. நம் குழந்தைகளும் இப்படித்தான், நம் வீட்டில் புழங்காத எத்தனையோ ஒலிகளைப் பிறந்த வருடத்திலேயே தொலைத்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரர் "வாழைப்பழம்" சொல்வதைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இப்படி, ஒரு திறன் அனுபவத்தால் எளிதாகப் படியும் காலத்தை உணர்காலம் என்கிறார்கள். மூளையில் புழங்கும் இணைப்புகள் கெட்டிப்படுகின்றன, புழங்காதவை விலகுகின்றன. பிறகு கற்கவே முடியாது என்று பொருளில்லை. பல மடங்கு உழைப்பு கேட்கும், பலனும் அரைகுறையாக வரலாம்.

இசையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சிலர் எந்த ஆதார சுருதியும் கேட்காமலேயே, ஒரு மணியோசையைக் கேட்டதும் அது பியானோவில் எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவார்கள். இதை அறுதிச் சுருதி ஞானம் என்று வைத்துக்கொள்வோம். கடவுள் கொடுத்த வரம் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். ஜப்பானில் இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள 24 குழந்தைகளுக்குத் தினமும் கொஞ்ச நேரம் சுரக்கூட்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, அடையாளம் காணும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. இருவர் நடுவில் விலகிவிட்டார்கள். மீதி 22 பேருக்கும் அந்த ஞானம் வந்தது. அதே முயற்சியைப் பெரியவர்களிடம் செய்தால் இப்படி வாய்ப்பதில்லை. ஆக அந்த வரம் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் கிடைக்கக்கூடியது. பெரும்பாலோருக்கு உரிய வயதில் யாரும் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு "போச்சு, எனக்கு நாற்பது வயதாகிவிட்டதே" என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்னாடக சங்கீதத்துக்கு இந்த ஞானம் தேவையே இல்லை. நம் ஷட்ஜம் நகரக்கூடியது. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். தம்புரா கொடுக்கும் ஆதாரத்தில் இருந்து மற்ற சுரங்கள் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதுதான் கணக்கு. அந்தச் சார்புச் சுருதி ஞானம் பெரியவர்களுக்கும் பயிற்சியில் வரும். மூடிய கதவு எது என்று பார்ப்பதற்கு முன், நமக்கு வேண்டிய அறைக்கு அந்தக் கதவு வழியாகத்தான் போக வேண்டுமா என்று பார்ப்பது நல்லது.

பத்தாயிரம் மணி நேரம்: பாதி உண்மை

ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் சகாக்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகச் சுமார் 10,000 மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். சுமாரான மாணவர்கள் அதைவிடக் குறைவு. எரிக்சன் சொன்னது வெறும் மணிக்கணக்கு இல்லை. தன் பலவீனத்தைக் குறிவைத்து, உடனுக்குடன் திருத்தம் பெற்று, சிரமப்பட்டுச் செய்யும் பயிற்சியை அவர் குறிப்பிட்டார். பின்னால் வந்தவர்கள் சராசரியை விதியாக்கி, "10,000 மணி நேரம் போட்டால் மேதை" என்று விற்றுவிட்டார்கள்.

2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதாவது பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு, இந்தக் குறிவைத்த பயிற்சி ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் எவ்வளவை விளக்குகிறது என்று பார்த்தது. செஸ் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18. பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் பயிற்சியே எல்லாம் ஆகிவிடாது. அர்ஜென்டினாவின் செஸ் வீரர்களிடம் நடந்த ஆய்வில் மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல் ஆனது.

உயரம் தாண்டுதலில் ஒரு கதை இதைப் பளிச்சென்று காட்டும். பஹாமாஸைச் சேர்ந்த டொனால்ட் தாமஸ் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். 2006 தொடக்கத்தில் ஒரு தடகள வீரரோடு பந்தயம் கட்டி, முறையான பயிற்சியே இல்லாமல் தாண்டினார். அன்றே ஏழடியைத் தாண்டிவிட்டார். அடுத்த வருடம் ஒசாகா உலகத் தடகளப் போட்டியில் 2.35 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அங்கே நான்காவதாக வந்தவர் ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோம், 2004 ஒலிம்பிக் சாம்பியன். சிறுவயதில் இருந்து இதே வேலையாக இருந்தவர், 1.81 மீட்டர் உயரம்தான், ஆனால் உள்ளரங்கில் 2.40 தாண்டியவர்.

தாமஸை மட்டும் பார்த்தால் பிறவித் திறமைக் கட்சிக்காரர்கள் விசிலடிப்பார்கள். ஹோமைப் பார்த்தால் உழைப்புக் கட்சி விசிலடிக்கும். இரண்டு வழியாகவும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வர முடிந்திருக்கிறது. தாமஸ் அதற்குப் பிறகு பல வருடம் முழுநேரமாகப் பயிற்சி செய்தும் அவருடைய சிறந்த அளவு 2.37 மீட்டர்தான். கூடியது இரண்டே சென்டிமீட்டர். அந்தப் பந்தயத்துக்கு அவர் வராமல் இருந்திருந்தால், "நான் நல்லா குதிப்பேன்" என்று சொல்லிக்கொண்டு கூடைப்பந்தோடு போயிருப்பார்.

கண்ணில் படாதது கைக்கு வராது

தாமஸ் கதையில் பந்தயம் இருந்தது. பெரும்பாலோர் வாழ்க்கையில் அது இல்லை. வளராமல் போகும் திறமைகளில் பெரும்பகுதி இந்த வகை என்று நான் நினைக்கிறேன்: அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படாதது.

ராஜ் செட்டியும் மற்ற பொருளாதார நிபுணர்களும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 12 லட்சம் கண்டுபிடிப்பாளர்களின் சிறுவயதுப் பின்னணியைப் பார்த்தார்கள். வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், நடுவுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாகக் கண்டுபிடிப்பாளர் ஆகியிருந்தார்கள். மூளை வித்தியாசமோ? மூன்றாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணை வைத்துச் சரிபார்த்தார்கள். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது விளக்கவில்லை. விளக்கியவற்றில் முக்கியமானது, அந்த வேலை சிறுவயதில் கண்ணில் பட்டிருப்பது. கண்டுபிடிப்பாளர்கள் நிறைந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் அந்த வேலைக்குப் போனார்கள். அதுவும் அந்த ஊர் எந்தத் துறையில் இருந்ததோ அதே துறைக்கு. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் குறிப்பாக: அந்தத் துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்த ஊராக இருந்தால்தான் பலன் தெரிந்தது.

நம் பக்கத்து உதாரணம் செஸ். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், 1961. முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த், 1988. பெண்களுக்கான தனிப் பட்டமான வுமன் கிராண்ட்மாஸ்டரை முதலில் பெற்றவர் விஜயலட்சுமி, 2001. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன குகேஷ். எல்லோரும் தமிழ்நாடு. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இங்கிருந்து வந்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு ஏதோ தனி மூளை என்று மார்தட்டத் தோன்றும். ஆனால் அந்த மூளை 1950-இலும் இருந்திருக்குமே. அப்போது எங்கே போயிற்று?

1972-இல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன், சோவியத் முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தால் பெயரில் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். ரஷ்யாவில் இருந்து வரும் புத்தகங்கள், எதிரே உட்கார்ந்து ஆட ஆள், ஒழுங்காகப் போட்டிகள். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் ஆட்டம் கற்ற ஆனந்த் அங்கே போய்ச் சேர்ந்தார். பிறகு அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் சில காலம் இருந்தது. அப்போது பிலிப்பைன்ஸில் செஸ் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. 1978 உலகச் சாம்பியன் போட்டியே அங்குதான் நடந்தது. தொலைக்காட்சியில் மதியம் செஸ் புதிர் வரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் என்பதால் அம்மா அதைக் குறித்துவைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, செஸ் புத்தகம். ஆனந்த் தொடர்ந்து பரிசு வாங்கியதில், வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆனந்துக்கு அசாத்தியமான சாய்வு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கிளப், மணிலா, மதியத்தில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்த அம்மா ஆகிய மூன்றையும் கழித்துப் பாருங்கள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் ஒரு பையன்தான் மிஞ்சுவான். ஆனந்துக்குப் பிறகு சென்னையில் பயிற்சி மையங்கள் வந்தன, பள்ளிகள் லீவு கொடுத்தன, குகேஷின் அப்பா தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். ஒருவரைப் பார்த்து அடுத்தவர் என்று சங்கிலி நீண்டது.

அப்போது நான் எதில் சிறந்திருப்பேன்?

2007-இல் பிரிட்டனில் ஒரு விளம்பரம் வந்தது. லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் தேடினார்கள். உயரமானவராக, 16 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும்; எந்த விளையாட்டுக்குத் தேர்வாகிறாரோ அதில் முன் அனுபவம் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இருந்த ஹெலன் குளோவர் போனார். பெண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 180 சென்டிமீட்டர். அளக்கும்போது குதிகாலைத் தூக்கி எக்கி நின்றதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2008-இல் துடுப்புப் படகில் முதல் முறையாக உட்கார்ந்தார். 2012-இல் ஹெதர் ஸ்டானிங்கோடு இணைந்து வென்றது அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனின் முதல் தங்கம்.

21 வயதுவரை அவருக்குத் துடுப்பு வலிக்கும் திறமை இருப்பது யாருக்கும் தெரியாது. இந்த விளம்பரம் வராவிட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. "என் திறமை எது என்று எனக்குத் தெரியும், வாய்ப்புத்தான் கிடைக்கவில்லை" என்று சொல்கிறோம் அல்லவா, அதில் முதல் பாதியே சந்தேகத்துக்குரியது. நாம் ஏங்குவது பெரும்பாலும் நம் கண்ணில் பட்ட பாட்டு, கிரிக்கெட், சினிமா, டாக்டர் படிப்பு என்று நாலைந்து விஷயங்களுக்குள்தான். நம் சாய்வுக்கு மிகவும் பொருந்தியது நாம் பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்றாக இருக்கலாம்.

ஆகவே ஏக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றில் உடலும் வயதும் சேர்ந்து உச்ச நிலைக்கான வழியை அடைத்துவிடும். அதை ஒப்புக்கொள்வதில் அவமானமில்லை. புதிய மொழியில் உச்சரிப்பு முழுதாக வராது, ஆனால் இலக்கணமும் சொல்வளமும் தாராளமாக வரும். எழுத்து, சமையல், மரவேலை, கணக்கு, நிர்வாகம் போன்றவற்றுக்குக் தொடங்கும் வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எதில் இறங்கினாலும் முதல் வாரத்தை வைத்து முடிவு கட்டாமல், திருத்திச் சொல்ல ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் செய்து, தொடங்கிய இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறோம் என்று பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்பது இந்தக் கணக்கில் வராது.

ஒன்றும் நகரவில்லை என்றால்? அதற்கும் 2017-இல் வந்த ஓர் ஆய்வு பதில் வைத்திருக்கிறது. 78 பேரை வாரத்துக்கு ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை, நாளுக்கு ஒரு மணி நேரம், ஆறு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். குறைந்த நாள் மிதித்தவர்களில் சிலருக்கு முன்னேற்றமே இல்லை. நான்கைந்து நாள் மிதித்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. முன்னேறாதவர்களை விட்டுவிடாமல், அவர்களுக்கு வாரத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டி, மேலும் ஆறு வாரம் தொடர்ந்தார்கள். இந்த முறை எல்லோரும் முன்னேறினார்கள்.